டர்போ காருக்கு வெளி ஏர் இன்டேக் மாட்டுவது எப்படி? குமரி மாவட்டத்து மண், மழை, உப்புக்காற்றுக்கு ஏற்ற முழு வழிகாட்டி

மார்த்தாண்டத்தில் என் காரைப் பார்க்கும் ஆசான் டார்ச்சை ஏர் பைப்புக்குள் அடித்துக் காட்டினார். ஃபில்டரிலிருந்து, காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்குப் போகும் பைப்பின் உள்பக்கம், ஹோஸ் சேரும் இடத்தில் தொடங்கி, திருநீறு இழுத்தது போல ஒரு சாம்பல் கோடு. விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறவென்றது. இரண்டு மாதத்துக்கு முன்பு வேறொரு கடையில், கம்பெனியுடையதற்குப் பதிலாக மாட்டிய வெளி இன்டேக் (ஃபில்டரும் காற்றுக் குழாயும் சேர்ந்தது) அது. கிளாம்ப் பாதி ஹோஸின் மேலும், பாதி விளிம்புக்கு வெளியிலுமாக உட்கார்ந்திருந்தது. ஃபில்டர் நல்ல ஃபில்டர்தான். ஆனால் தூசு அதன் வழியாக வரவே இல்லை, பக்கத்துச் சந்து வழியாக நேரே உள்ளே போயிருக்கிறது.

"மக்கா, டர்போவுக்கு வாய் உண்டு, மெல்லத் தெரியாது. குடுத்தத அப்பிடியே முழுங்கும் பாத்துக்க" என்றார் ஆசான்.

அன்றைக்கு, டர்போவுக்குள் காற்றை இழுக்கும் கம்ப்ரசர் வீலின் ப்ளேடுகள் தேயாமல் தப்பித்தன. அதற்கப்புறம் என் வண்டிக்கும் நண்பர்கள் வண்டிகளுக்கும் இன்டேக் மாற்றும்போது நான் கடைப்பிடிக்கும் முறையைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். காற்று எவ்வளவு கூடுதலாக வருகிறது என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. வடிகட்டாத காற்று கொஞ்சமாவது உள்ளே போகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

டர்போ எப்படி மூச்சு வாங்குகிறது

ஏர் ஃபில்டர் முதல் டர்போவின் வாய் வரை உள்ள பாதை உறிஞ்சும் பக்கம். டர்போவுக்கு அப்புறம் இன்டர்கூலர் (காற்றைக் குளிர்விக்கும் பாகம்) வழியாக இன்ஜின் வரை உள்ளது அழுத்தப் பக்கம். அழுத்தப் பக்கத்தில் ஹோஸ் கிழிந்தால் புஸ்ஸென்று சத்தம் வரும், பிக்கப் போய்விடும், ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். உறிஞ்சும் பக்கத்தில் இடைவெளி இருந்தால் வண்டி வழக்கம் போலவே ஓடும். உள்ளே மண் போய்க்கொண்டே இருக்கும்.

எவ்வளவு காற்று என்று ஒரு கணக்கு பார்ப்போம். 110 குதிரைத்திறன் கொண்ட சின்ன டர்போ பெட்ரோல் கார் முழுச் சக்தியில் ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 70 லிட்டர் காற்றை இழுக்கும். பத்து லிட்டர் வாளியால் ஏழு வாளி, ஒவ்வொரு நொடியும். அதை இழுக்கும் கம்ப்ரசர் வீல் ஒரு எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். சின்ன டர்போக்களில் அது நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள வீல் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் விளிம்பு ஒலியை விட வேகமாகப் போகிறது என்று அர்த்தம். அலுமினிய ப்ளேடு அப்படிச் சுற்றும்போது ஒரு மணல் துகள் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சின்ன ஸ்க்ரூ விழுந்தால் டர்போ அதோடு முடிந்தது.

நம் மாவட்டத்து மண்ணும் சாதாரண மண் அல்ல. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் எடுக்கும் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் எல்லாம் உண்டு. கார்னெட்டும் சிர்க்கானும் எஃகைக் கூடக் கீறும் கடினம் உள்ளவை. குளச்சல், முட்டம் பக்கம் அன்றாடம் ஓடும் ஒரு வண்டியின் ஏர் பாக்ஸைத் திறந்தபோது அடித்தட்டின் மூலையில் கருப்பாக மினுமினுவென்று ஒரு சிட்டிகை மணல் கிடந்தது. ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை அருகில் கொண்டுபோனதும் அதில் ஒரு பகுதி எழுந்து ஒட்டிக்கொண்டது. ஃபில்டர் தன் வேலையைச் செய்ததால்தான் அது அங்கே கிடந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று சீசனில் பறக்கும் புழுதி, எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் வரும் பொடி, கடலோரத்து உப்பு, வருஷத்துக்கு இரண்டு பருவமழை, இத்தனையையும் இந்தப் பாகம் தாங்கியாக வேண்டும்.

உண்மையில் உங்களுக்குத் தேவையா?

ரீமேப் (இன்ஜின் கணினியின் நிரலை மாற்றுவது) செய்யாத வண்டியில் வெறும் இன்டேக் மட்டும் மாற்றினால் பெரிய சக்தி எதுவும் கூடாது. டர்போ எவ்வளவு அழுத்தம் தர வேண்டும் என்பதை அந்தக் கணினி, அதாவது இ.சி.யூ., முடிவு செய்கிறது. ஃபில்டர் கொஞ்சம் தடுத்தாலும் டர்போவைக் கூடுதலாகச் சுற்ற வைத்து அந்த அழுத்தத்தை எட்டிவிடும். தடை குறைந்தால் அதே அழுத்தத்துக்கு டர்போ குறைவாக உழைக்கும். லாபம் அவ்வளவுதான், அது உண்மையான லாபமும்கூட. சத்தம் மாறும், அந்த விசிலுக்காகவே மாட்டுபவர்கள் நிறைய. அதில் தவறில்லை, எனக்கும் பிடிக்கும்.

மூன்று வழிகள் இருக்கின்றன. கம்பெனி ஏர் பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே நல்ல பேனல் ஃபில்டர் (தட்டையான ஃபில்டர்) போடுவது ஒன்று. மூடிய பெட்டியோடு வரும் முழு கிட் இன்னொன்று. பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டர் மூன்றாவது. தினசரி நாகர்கோவிலுக்கும் வீட்டுக்கும் ஓடும் வண்டிக்கு முதல் வழியே போதும். ரீமேப் செய்யப்போகிறவர்கள் மூடிய கிட் வாங்குங்கள். திறந்த கூம்பை நம் மாவட்டத்தில் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காரணம் வெப்பம், அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019 திருத்தத்தில் இடமிருக்கிறது. அதனால் புகை சம்பந்தப்பட்ட எந்தப் பாகத்தையும் கழற்றி எறியாதீர்கள், புகைச் சான்றிதழைக் காலாவதியாக விடாதீர்கள், வாங்குவதற்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டி என்றால் அது முடியும் வரை பேனல் ஃபில்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள்

கிட் உங்கள் வண்டியின் அதே இன்ஜினுக்கு, அதே வருஷ மாடலுக்கு உரியதா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கும் பைப் வேண்டாம்.

அடுத்தது ஏர் ஃப்ளோ சென்சார். உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் பாக்ஸை ஒட்டி, பைப்பில் செருகி, வயர் போகும் சென்சார் அது. மாருதியின் 1.3 டீசல் இன்ஜினில் இது உண்டு. ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகனின் 1.0 டி.எஸ்.ஐ. போன்ற பல புதிய பெட்ரோல் இன்ஜின்களில் இது கிடையாது. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் உள்ள அழுத்த சென்சாரை வைத்து இ.சி.யூ. கணக்குப் போடும். சென்சார் உள்ள வண்டியில் அது உட்காரும் இடத்தின் உள்விட்டம் பழைய பைப்பின் அளவேதான் இருக்க வேண்டும். பழையது 70 மி.மீ., புதியது 76 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆறு மில்லிதானே என்று தோன்றும். ஆனால் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகிறது, காற்றின் வேகம் அதற்கேற்பக் குறைகிறது, சென்சார் உண்மையை விட 15 சதவீதம் குறைவாகச் சொல்லும். பெட்ரோல் வண்டியில் முழு ஆக்சிலரேட்டரில் எரிபொருள் பற்றாமல் இன்ஜின் தட்டும், பிஸ்டனுக்கே ஆபத்து. டீசலில் காற்று குறைவு என்று நினைத்து இ.சி.யூ. டீசலைக் குறைத்துவிடும், வண்டி இழுக்காது. காசு கொடுத்து மாட்டிய இன்டேக் பிக்கப்பைக் கெடுத்துவிட்டது என்று புலம்புகிற டீசல் வண்டிக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது பைப்பின் விட்டத்தைத்தான்.

ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே துணி இழை வைத்த சிலிக்கான் ஹோஸ் எளிதில் நசுங்காது. இழை இல்லாத மெல்லிய ஹோஸ் டர்போ இழுக்கும் இழுப்பில் உள்நோக்கிச் சப்பிப்போகும். இன்ஜினிலிருந்து வரும் எண்ணெய் ஆவி பட்டால் சாதாரண சிலிக்கான் நாளடைவில் ஊறி மெதுவாகும், ஆகவே டர்போ வாயை ஒட்டிய ஹோஸுக்கு உள்ளே ஃப்ளோரோசிலிக்கான் பூச்சு இருந்தால் நல்லது. கிளாம்ப் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். முலாம் பூசிய மலிவு கிளாம்ப் கடலோரத்தில் சீக்கிரமே துருப்பிடிக்கும், துருவோடு பிடியும் போய்விடும்.

எண்ணெய் தடவும் காட்டன் ஃபில்டரா, எண்ணெய் இல்லாததா? ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டிக்கு எண்ணெய் இல்லாததையே எடுங்கள். அதிகமாகத் தடவிய எண்ணெய் சென்சாரின் சூடான கம்பியில் படிந்து அளவைப் பொய்யாக்கும்.

வேலைக்கு முந்தைய நாள்

பழைய இன்டேக் மாட்டியிருக்கும்போதே அளவுகளை எழுதி வையுங்கள். இந்த ஒரு வேலையைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. முன்பு எப்படி இருந்தது என்று தெரியாமல் பின்பு நன்றாக இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் மாட்டும் சின்ன ஸ்கேனரும் ஒரு ஃபோனும் போதும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஏ.சி.யை அணைத்து, வண்டி நின்றபடி ஓடும்போது குறுகிய கால, நீண்ட கால ஃப்யூயல் ட்ரிம் (இ.சி.யூ. எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்), ஏர் ஃப்ளோ, உள்ளே வரும் காற்றின் வெப்பம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய எரர் கோடு ஏதாவது இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள். நோயோடு இருக்கும் வண்டிக்கு நகை போட வேண்டாம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். 7, 8, 10 மி.மீ. சாக்கெட், ராட்செட், ஸ்க்ரூ டிரைவர், சென்சார் ஸ்க்ரூவுக்கான நட்சத்திர பிட், இடுக்கி, டார்ச், பஞ்சு உதிராத சுத்தமான துணி, ஒரு தாம்பாளத் தட்டு. தட்டு எதற்கு என்றால், கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் அதில்தான் விழ வேண்டும். ஆரம்பத்தில் எண்ணி, முடிவிலும் எண்ணுங்கள்.

காற்றடிக்கிற நாளில் திறந்த முற்றத்தில் வேலை செய்யாதீர்கள். முப்பந்தல், தோவாளைப் பக்கம் வீடு உள்ளவர்கள் ஆடிக்காற்றில் ஷெட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

கழற்றுவது

இன்ஜின் முழுக்க ஆறட்டும். டர்போவைச் சுற்றியுள்ள இரும்பு பானெட்டைத் திறந்து ஒரு மணி நேரம் கழித்தும் சுடும், காலையில் முதல் வேலையாகச் செய்தால் நல்லது. சாவியை எடுத்துவிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எதையும் தொடுவதற்கு முன் நாலு பக்கத்திலிருந்தும் ஃபோட்டோ எடுங்கள், ஒவ்வொரு சின்ன ஹோஸும் எங்கே போகிறது என்று தெரியும்படியாக.

பானெட்டுக்குள் இருக்கும் தூசை முதலில் துடைத்துவிடுங்கள். கிளாம்ப்பைக் கழற்றிய பிறகு துடைத்தால் அந்தத் தூசு நேராகத் திறந்த வாய்க்குள்தான் போகும். சென்சார் கனெக்டரின் லாக்கை அமுக்கி உருவுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பல வருஷம் சூடு பட்ட லாக் பிளாஸ்டிக் அப்பளம் போல ஒடியும்.

ஏர் பாக்ஸைத் தூக்கியதும் அடியில் பாருங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே வீடுள்ள ஒரு நண்பரின் வண்டியில், ஃபில்டருக்கு முந்தைய அறையில் எலி ஒரு பிடி ரப்பர் கொட்டைத் தோடும் பஞ்சும் சேர்த்து வைத்திருந்தது. ஃபில்டரின் ஓரத்தையும் கொறித்திருந்தது. அந்த வண்டிக்கு இழுவை குறைகிறது என்றுதான் புது இன்டேக் கேட்டார். கூட்டை எடுத்துவிட்டு முந்நூறு ரூபாய் ஃபில்டர் போட்டதும் வண்டி பழையபடி ஓடியது. வாய்ப்பகுதியில் கம்பி வலை ஒன்று வைத்துக் கொடுத்தோம்.

டர்போவின் வாய்

கடைசி ஹோஸைக் கழற்றியதும் கம்ப்ரசர் வீல் தெரியும். மூடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. டார்ச் அடித்து ஒவ்வொரு ப்ளேடின் முன்விளிம்பையும் பாருங்கள். நேர்கோடாக, கூர்மையாக இருக்க வேண்டும். பல்லுப் பல்லாகத் தேய்ந்திருந்தால் ஏற்கெனவே மண் போயிருக்கிறது. வீலின் நடு நட்டை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்து அசையுங்கள். பக்கவாட்டில் மிகச் சின்ன ஆட்டம் இருக்கும், அது இயல்பு. முன்னும் பின்னும் கையில் உணரும்படி ஆட்டம் இருந்தாலோ, ப்ளேடு சுவரில் உரசினாலோ, வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு டர்போவைக் காட்டுங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தால் பயப்பட வேண்டாம், இன்ஜினின் எண்ணெய் ஆவியை இன்டேக்குக்கு அனுப்பும் பி.சி.வி. வழியாக வருவது அது. எண்ணெய் தேங்கி நின்றால்தான் கவலை.

பார்த்து முடித்ததும் வாயை மூடுங்கள். சின்னத் துணியை உள்ளே திணிக்கக்கூடாது, மறந்து போனால் அதுவும் டர்போவுக்குள். பெரிய துணியை வாயின் மேல் விரித்து, வெளிப்பக்கமாக ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள். துணி சிவப்பாக இருந்தால் கண்ணில் படும்.

மாட்டுவது

புதிய பைப்பை முதலில் தண்ணீரில் கழுவி, முழுக்க உலர்த்தி, உள்ளே விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். வெல்டிங் பொட்டு, அலுமினிய இழை ஏதாவது கையில் தட்டுப்பட்டால் அதைத் தேய்த்து எடுத்து மறுபடி கழுவுங்கள்.

சென்சாரை மாற்றும்போது அதன் உள்கம்பியைத் தொடாதீர்கள். அதன் மேல் காற்று போகும் திசை அம்புக்குறியாக இருக்கும், அது டர்போவை நோக்கி இருக்க வேண்டும். ஓ-ரிங் (ரப்பர் வளையம்) முறுக்காமல் உட்காரட்டும். அழுக்காக இருந்தால் ஏர் ஃப்ளோ சென்சாருக்கென்றே விற்கும் கிளீனரை மட்டும் அடியுங்கள். கார்புரேட்டர் கிளீனர் அதைக் கெடுத்துவிடும்.

பி.சி.வி. ஹோஸ், அதாவது இன்ஜினிலிருந்து வரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுவரும் ஹோஸ், புதிய பைப்பில் அதற்குரிய முனையில் இறுக்கமாக மாட்டப்பட வேண்டும். அதைக் கழற்றி நுனியில் ஒரு குட்டி ஃபில்டர் போட்டு விடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பானெட்டுக்குள் எண்ணெய் நாற்றம், புகைக் கோளாறு, ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் எரிபொருள் கணக்கிலும் குழப்பம். ஆக்சிலரேட்டரை விடும்போது காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வின் ஹோஸ் உங்கள் வண்டியில் இன்டேக்குக்குத் திரும்பி வருமானால் அதுவும் அப்படியே திரும்ப வேண்டும். சென்சார் உள்ள வண்டியில் அதை வெளியே திறந்துவிட்டால், கணக்கில் எடுத்த காற்று போய்விடும், ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் பெட்ரோல் அதிகமாகக் கொட்டும்.

இப்போது கிளாம்ப். எனக்கு நடந்த தவறு இங்கேதான். ஹோஸ் பைப்பின் மேல் குறைந்தது 25 மி.மீ. ஏற வேண்டும். பைப்பின் ஓரத்தில் உள்ள மேட்டைத் தாண்டி ஹோஸ் போக வேண்டும், கிளாம்ப் அந்த மேட்டுக்கு உள்ளே, ஹோஸின் விளிம்பிலிருந்து 3 முதல் 5 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். கையை வளைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். மேல் பக்கம் சரியாக இருந்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் நழுவியிருக்கும். சின்னக் கண்ணாடியோ ஃபோன் கேமராவோ வைத்து அடிப்பக்கத்தைப் பார்த்தே தீருங்கள். இறுக்கும் அளவுக்கு கிட்டோடு வந்த தாளைப் பின்பற்றுங்கள். அதில் இல்லை என்றால், சாதாரண ஸ்க்ரூ கிளாம்ப்புக்கு 4 நியூட்டன் மீட்டர் அளவு போதும். பலம் இருக்கிறதே என்று முறுக்கினால் கிளாம்ப்பின் பல் ஹோஸை அறுக்கும். எல்லா கிளாம்ப்பையும் முதலில் லேசாகப் பிடித்து, பைப் எந்தப் பக்கமும் இழுபடாமல் இயல்பாக உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக இறுக்குங்கள். கடைசி ஹோஸுக்கு முன் அந்தச் சிவப்புத் துணியை எடுத்தீர்களா என்று பாருங்கள்.

இன்ஜின் ஓடும்போது அதன் மவுண்ட்டில் ஆடும். ஆகவே பைப்புக்கும் பேட்டரி முனைக்கும் ஃபேனுக்கும் பானெட்டுக்கும் இடையே 20 மி.மீ. இடைவெளியாவது விடுங்கள். பாடியில் பிடிக்கும் பிராக்கெட்டில் ரப்பர் புஷ் கட்டாயம், இல்லையென்றால் அதிர்வில் பைப்பே விரிசல் விடும்.

வெப்பமும் தண்ணீரும்

திறந்த கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுக்கும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது உள்ளே 60 டிகிரி என்று வையுங்கள். காற்றின் அடர்த்தி 7 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். இன்ஜினுக்குத் தேவையான காற்றைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும், சுற்றினால் இன்னும் சூடு, சூடு கூடினால் இக்னிஷனை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, இ.சி.யூ. பின்தள்ளும். வடசேரி சிக்னலில் பத்து நிமிடம் நின்று கிளம்பும்போது வண்டி சோம்பலாக இருப்பது இதனால்தான். மூடிய பெட்டி வேண்டும், அதன் வாய் முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னாலிருந்து வெளிக்காற்றை எடுக்க வேண்டும், டர்போவுக்கும் பெட்டிக்கும் நடுவே ஹீட் ஷீல்டு வேண்டும்.

ஆனால் வெளிக்காற்றுக்காக வாயைப் பம்பரின் அடியில் கொண்டுபோகாதீர்கள். 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டத்துச் சாலைகள் எப்படி இருந்தன என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். கம்பெனி வைத்த வாயின் உயரத்தை விட புதிய வாய் ஒரு சென்டிமீட்டர்கூடக் கீழே இருக்கக்கூடாது, இது என் கட்டாய விதி. பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய சின்ன வடிகால் இருக்கிறதா, அது ஃபில்டருக்கு முந்தைய பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளத்தில் வண்டி நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள், தள்ளி ஓரம் கட்டி, ஃபில்டரைத் திறந்து ஈரம் பாருங்கள்.

சோதனை

பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் செய்வதற்கு முன் போல்ட்டுகளை எண்ணுங்கள். நாகர்கோவிலில் ஸ்மோக் மெஷின் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப் கிடைத்தால் அதில் உறிஞ்சும் பக்கத்தைச் சோதித்துவிடுவதே மேல், புகை எங்கே கசிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். வீட்டில் செய்வதானால், ஃபில்டரைக் கழற்றி அந்த முனையில் டயர் வால்வு பொருத்திய பிளாஸ்டிக் மூடி போட்டு, பி.சி.வி. ஹோஸை எடுத்து இரண்டு பக்கமும் அடைத்து, இன்ஜின் அணைந்திருக்க 3 பி.எஸ்.ஐ. மட்டும் காற்று கொடுத்து, எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். அழுத்தம் மெதுவாக இறங்குவது இயல்பு, இன்ஜின் வழியாகக் காற்று போகும். இணைப்பில் குமிழி வருகிறதா என்பதுதான் கேள்வி. கசிவு தேட எரியக்கூடிய ஸ்ப்ரே அடிக்கும் பழைய வித்தையை டர்போ வண்டியில் செய்யாதீர்கள், சூடான டர்போ பக்கத்திலேயே இருக்கிறது.

ஸ்கேனரில் ட்ரிம் நன்றாக இருக்கிறது என்பதால் கசிவு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாத வண்டியில், டர்போவுக்கு முன்னால் எவ்வளவு சந்து இருந்தாலும் ட்ரிம் மாறாது. என் வண்டி அந்த வகைதான், ஸ்கேனர் எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

சென்சார் உள்ள வண்டியில், இரண்டு ட்ரிம்மையும் கூட்டினால் முன்பு எழுதிவைத்ததிலிருந்து 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி, 10-ஐத் தாண்டினால் திரும்பத் திறந்து பாருங்கள். பி0171 என்ற எரர் கோடு வந்தால் கலவையில் எரிபொருள் குறைந்திருக்கிறது. பி0101 என்றால் ஏர் ஃப்ளோ சென்சார் அளவு பொருந்தவில்லை. பி0299 என்றால் டர்போ அழுத்தம் போதவில்லை, அழுத்தப் பக்கத்து ஹோஸ் எதையாவது கை பட்டு நழுவ விட்டிருப்பீர்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். முதல் 20 கிலோமீட்டர் மெதுவாக. அப்புறம், ஆளில்லாத நேரத்தில் நான்குவழிச் சாலையில், ஸ்கேனரைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்க, மூன்றாம் கியரில் 2,000 சுற்றிலிருந்து ஒரே சீராக இழுத்துப் பாருங்கள். மெல்லிய விசில் வரும், அது சரி. ஆம்புலன்ஸ் சைரன் போல ஏறி இறங்கும் சத்தமோ, இரும்பு உரசும் சத்தமோ, நீலப் புகையோ வந்தால் உடனே ஓரம் கட்டி அணையுங்கள். டீசலில் சுற்று தானாக ஏறிக்கொண்டே போனால் அது எண்ணெயைக் குடித்து ஓடுகிறது, சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் வண்டியில் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி கிளட்சை விட்டு இன்ஜினை நிறுத்துங்கள்.

அதற்கப்புறம்

500 கிலோமீட்டரில் எல்லா கிளாம்ப்பையும் மறுபடி பாருங்கள், சூடாகி ஆறும்போது ஹோஸ் கொஞ்சம் அமர்ந்திருக்கும். அப்போதே ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் உள்ள பைப்பின் உள்சுவரை வெள்ளை வேட்டித் துண்டால் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் வேலை சரி. சாம்பலாகவோ நறநறவென்றோ வந்தால், எந்த இணைப்பில் கோடு தொடங்குகிறதோ அங்கேதான் சந்து இருக்கிறது. மழைக்காலம் தொடங்கும் முன்பும் ஆடிக்காற்று முடிந்த பின்பும் இதை நான் தவறாமல் செய்கிறேன்.

காட்டன் ஃபில்டரைக் கழுவும்போது அதற்குரிய கிளீனரை அடித்து, பத்து நிமிடம் விட்டு, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குழாய்த் தண்ணீரை மெதுவாக விடுங்கள். பெட்ரோலில் முக்குவதும், கம்ப்ரசர் காற்றால் ஊதுவதும் துணியைக் கிழிக்கும். நிழலில் முழுக்க உலர நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், மழைக்காலத்தில் இரண்டு நாள்கூட. அந்த நாட்களுக்கு ஒரு மாற்று ஃபில்டர் கையில் இருக்கட்டும். ஈரமான ஃபில்டரைப் போட்டு ஓட்ட வேண்டாம்.

கழற்றிய கம்பெனி ஏர் பாக்ஸ், ஹோஸ், ஸ்க்ரூ எல்லாவற்றையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, எலி புகாதபடி மூடி வையுங்கள். வண்டியை விற்கும்போதோ, சர்வீசுக்குக் கொண்டுபோகும்போதோ, இந்த இன்டேக் ஒத்துவரவில்லை என்று தோன்றும்போதோ ஒரு காலை நேர வேலையில் பழையபடி மாட்டிவிடலாம்.